நடப்பவர்க்கும் சாலை உண்டா? – கொல்லிமலை வழிகளைப் பற்றிச் சில எண்ணங்கள்

கொல்லிமலை என்றவுடன் நம் நினைவில் தோன்றுவன மூன்று. ஒன்று, கடையெழு வள்ளல்களுள் ஒருவனான வல்வில் ஓரி. மற்றொன்று, சங்கப் புலவர் பலரும் பாடிய கொல்லிப்பாவை. மூன்றாவது, காரவள்ளி அடிவாரத்திலிருந்து மேலேறும் மலைச்சாலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகள். முதலிரண்டையும் தமிழிலக்கியம் பயிலும் நண்பர்களுக்கு விட்டுவிடுகிறேன். மூன்றாவதைப் பற்றியே ஈண்டுச் சில கூற விழைகிறேன். அதிலும் அந்த எழுபது வளைவுகள் முடிந்தபின் தொடங்கும் சாலைகளைப் பற்றியே மிகுதியும் கூற வேண்டியுள்ளது.

சுமார் 26 கிலோமீட்டர் தொலைவில் எழுபது வளைவுகள். வளைவுதோறும் எண் பொறித்த பலகை நிற்கிறது. முதன்முறை வருவோர் பேருந்தின் சன்னல் வழியே அவ்வெண்களை வாய்விட்டு எண்ணிக்கொண்டே வருவர். எழுபது முடிந்ததும் ஒரு பெருமூச்சு. வழி முடிந்துவிட்டது என்பது அவர்கள் எண்ணம். மலைமேல் வாழ்வோர்க்கோ அவ்விடத்தில்தான் வழி தொடங்குகிறது. வாழவந்தி நாடு, அரியூர் நாடு, தின்னனூர் நாடு, குண்டூர் நாடு, வளப்பூர் நாடு எனப் பதினான்கு நாடுகளாகப் பிரிந்து கிடக்கும் இம்மலையில் ஏறத்தாழ நாற்பதாயிரம் பேர் வாழ்கின்றனர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் மலையாளிப் பழங்குடியினர். செம்மேட்டிலும் சோளக்காட்டிலும் இறங்கினால் ஆயிற்றா? அங்கிருந்து தத்தம் ஊருக்குச் செல்ல வேண்டுமே! சிலர்க்குப் பேருந்து உண்டு. சிலர்க்கு ஜீப்பு உண்டு. இன்று பலரிடம் மோட்டார் சைக்கிள் உண்டு. இவை யாவும் வந்த பின்னரும், பள்ளிக்குச் செல்லும் பிள்ளையும், சந்தைக்குச் சுமை கொண்டு செல்லும் பெண்ணும், மாட்டை ஓட்டிச் செல்லும் முதியவரும் கால்நடையாகவே செல்கின்றனர் என்பது மலைக்குப் போய்வந்த எவரும் அறிந்ததே.

இத்தனை பேரும் செல்வது ஒரே தார்ச்சாலையில்தான். மிளகு மூட்டையும் வாழைத்தாரும் ஏற்றிய லாரியும் அதில்தான் செல்கிறது. ஆகாய கங்கை அருவிக்கும் அறப்பளீசுவரர் கோயிலுக்கும் விரையும் வெளியூர்க் கார்களும் அதில்தான் செல்கின்றன. ஆனால் சாலையை வகுக்கும்போது இவர்களுள் யாரை மனத்திற் கொண்டு வகுத்தனர்? இதுவே என் வினா.

எண்ணப்படாதவர்

ஒரு சாலையின் அகலம் எவ்வளவு இருக்க வேண்டும் என்று முடிவு செய்யுமுன் பொறியாளர்கள் அதன் போக்குவரவைக் கணக்கெடுப்பர். எல்லா வண்டிகளும் ஒரே அளவின அல்ல. ஆதலால் ஒரு காரை 1 என்று கொண்டு மற்றவற்றுக்கு மதிப்பெண் இடுவது வழக்கம். கிராமப்புறச் சாலைகளுக்காக இந்தியன் ரோடு காங்கிரஸ் 1990இல் வகுத்த அட்டவணையின்படி மோட்டார் சைக்கிளுக்கு அரை, மிதிவண்டிக்கு அரை, பேருந்துக்கும் லாரிக்கும் 3, கைவண்டிக்கு 3, குதிரை வண்டிக்கு 4, மாட்டு வண்டிக்கு 8. மாட்டு வண்டிக்கு எட்டா என்று வியக்க வேண்டா. மெல்ல ஊர்ந்து, பின்வரும் வண்டிகளை நெடுநேரம் மறிப்பதால் அதற்கு அவ்வளவு மதிப்பு.

அந்த அட்டவணையில் நடந்து செல்பவர்க்கு என்ன மதிப்பு? அவர் அதில் இல்லவே இல்லை! வண்டிகளின் ஓட்டத்தை அளப்பதற்காக ஆக்கப்பட்ட அட்டவணை அது. ஆகவே நடப்பவரை அதில் சேர்க்காததில் கணித முறைப்படி பிழையில்லை. ஆனால் அந்த ஒரே கணக்கை வைத்துக்கொண்டு சாலை முழுவதையும் வகுத்துவிட்டால் விளைவு யாதாகும்? காலை எட்டு மணி முதல் ஒன்பது மணிக்குள் இருநூறு பிள்ளைகள் நடந்து செல்லும் ஒரு சாலையும், ஒருவருமே நடவாத ஒரு சாலையும் தாளில் ஒன்றாகவே தோன்றும். நகரங்களில் நடப்போரைத் தனியே எண்ணும் வழக்கம் ஓரளவு வந்துவிட்டது. மலைக்கு அது இன்னும் ஏறிச் சேர வேண்டும்.

இனி அகலக் கணக்கைப் பார்ப்போம். மலைப்பகுதியின் மாவட்டச் சாலைகளுக்கு நெடுங்காலம் வழங்கிவந்த அளவு 3.75 மீட்டர் தார்ப்பகுதி. அதன் இருபுறமும் அரை அரை மீட்டர் ஓரம். ஆக 4.75 மீட்டர். கிராமச் சாலையாயின் 3 மீட்டர் தார். ஓரங்களையும் சேர்த்து 4 மீட்டர். ஒரு பேருந்தின் அகலம் ஏறத்தாழ இரண்டரை மீட்டர். மாவட்டச் சாலையின் நடுவே அது சென்றால் இருபுறமும் எஞ்சுவது மீட்டரும் சொச்சமும். தனியாக ஒருவர் ஒதுங்கி நிற்க அது போதும் என்று தோன்றும். ஆனால் தலையில் குறுக்காக விறகுக்கட்டைச் சுமந்து வரும் பெண்ணை எண்ணிப் பாருங்கள். கட்டின் நீளம் ஒன்றரை மீட்டருக்குக் குறையாது. பேருந்தின் ஓசை கேட்டதும் அவர் உடலைத் திருப்பி, கட்டைச் சாலைக்கு இணையாக்கி, வண்டிக்கு முதுகு காட்டியபடி நிற்க வேண்டும். ஓட்டுநர் எவ்வளவு அருகில் வருகிறார் என்பதை அவரால் காணவே முடியாது. செவியை மட்டுமே நம்பி நிற்கிறார்.

சமவெளியில் இத்தகைய நேரத்தில் சாலையை விட்டு வயலுக்குள் இறங்கிவிடலாம். மலையில் அதற்கும் வழியில்லை. ஒருபுறம் வெட்டி நிறுத்திய மலைச்சரிவு. அதன் அடியில் திறந்த வடிகால். மறுபுறம் பள்ளம்; சில இடங்களில் கைப்பிடிச் சுவர், பல இடங்களில் அதுவும் இல்லை. வலப்புறமாக, எதிர்வரும் வண்டிகளைப் பார்த்தபடி நடப்பதே பாதுகாப்பு என்று பள்ளியில் கற்றோம். மலையில் அந்த வலப்புறம் ஒரு வளைவில் வடிகாலாகவும் அடுத்த வளைவில் பள்ளமாகவும் மாறிக்கொண்டே வரும்.

வேகம் என்னும் கணக்கு

சாலை நன்றாக இருந்தால் விபத்துக் குறையும் என்பது பொதுவான நம்பிக்கை. குண்டும் குழியுமான சாலையில் சறுக்கி விழுவோரை நினைத்தால் இது ஒரு பங்கு உண்மையே. மறுபங்கு என்னவெனில், வழுவழுப்பான சாலையில் வண்டியின் வேகம் தானே உயரும். இருபதில் ஊர்ந்த ஜீப்பு நாற்பதில் வரும். நடப்பவரின் வேகம் மட்டும் அதே நான்கு, ஐந்து கிலோமீட்டர்தான்.

இயற்பியல் பயில்வோர்க்கு இது எளிது. இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடிக்கேற்ப உயரும். மணிக்கு 30 கிலோமீட்டரில் வரும் வண்டியைவிட 50இல் வரும் வண்டிக்கு ஆற்றல் ஏறத்தாழ இரண்டே முக்கால் மடங்கு. ஓட்டுநர் தடையொன்றைக் கண்டு, உணர்ந்து, பிரேக்கை மிதித்து, வண்டி நிற்பதற்கு வேண்டிய தொலைவாகச் சாலைப் பொறியாளர்கள் கொள்வது 20 கிலோமீட்டர் வேகத்துக்கு 20 மீட்டர். 30க்கு 30 மீட்டர். 40க்கு 45 மீட்டர். 50க்கு 60 மீட்டர். மலைவளைவில் கண்ணுக்கு எட்டும் தொலைவு பல இடங்களில் இருபது முப்பது மீட்டருக்கு மேல் இல்லை. அங்கே நாற்பதில் செல்லும் ஓட்டுநர் தாம் காணாத இடத்தை நம்பிச் செல்கிறார் என்றே கொள்ள வேண்டும். பிள்ளைகளும் வண்டிகளும் கலந்து செல்லும் இடங்களில் 30 கிலோமீட்டரே உச்சவேகமாக இருக்கவேண்டும் என்று 2020இல் ஸ்டாக்ஹோம் நகரில் கூடிய உலகச் சாலைப் பாதுகாப்பு மாநாட்டின் பிரகடனம் கூறியதும் இக்கணக்கைக் கொண்டே.

2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் மடிந்தோர் 1,68,491 பேர். அவர்களுள் நடந்து சென்றோர் 32,825 பேர். இரு சக்கர வண்டியில் சென்றோர் நூற்றுக்கு 44 பேருக்கு மேல். அதாவது இரும்புக் கூடு இல்லாமல் சாலையில் சென்றவர்களே மிகுதியும் மடிந்திருக்கின்றனர். விடுமுறை நாட்களில் கூட்டமாக மோட்டார் சைக்கிளில் மலையேறும் நம் கல்லூரி நண்பர்கள் இரண்டாவது எண்ணில் தாமும் அடக்கம் என்பதை எண்ணிப் பார்க்கலாம். (அவர்கள் மலைமேல் எழுப்பும் ஓசையைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதலாம்!)

எழுபது வளைவுகளும் குறுக்கு வழிகளும்

கொண்டை ஊசி வளைவு என்பது வண்டி முற்றிலும் திரும்பி வந்த திசைக்கே செல்லும் இடம். அதற்கும் அளவுகள் உண்டு. உள்வளைவின் ஆரம் 14 மீட்டருக்குக் குறையலாகாது. வளைவின் உச்சியில் சாலையின் அகலம் மாவட்டச் சாலையில் ஏழரை மீட்டராவது வேண்டும். ஏற்றம் நாற்பதுக்கு ஒன்றுக்கு மேற்படலாகாது. வளைவில் மட்டும் அகலம் ஏன் கூட வேண்டும்? நீண்ட வண்டி திரும்பும்போது பின்சக்கரங்கள் முன்சக்கரங்கள் சென்ற தடத்திலே செல்வதில்லை, உள்வாங்கிச் செல்லும். ஆகவே வளைவின் உட்புறத்தில், வண்டியின் முகம் தம்மைக் கடந்துவிட்டதே என்று நம்பி நிற்பவரைப் பின்சக்கரம் நெருங்கும். மலையில் வாழ்வோர் பட்டறிவால் இதனை அறிவர். வளைவின் உட்புறத்தில் நிற்கமாட்டார்கள். வேடிக்கை பார்க்க இறங்கும் சுற்றுலாப் பயணிகளோ அங்கேதான் நின்று படம் பிடிக்கின்றனர்.

ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்பது வெறும் மரியாதை அன்று, சட்டம். 1989ஆம் ஆண்டின் சாலை விதிகளிலும், அவற்றுக்கு மாற்றாக வந்த 2017ஆம் ஆண்டின் மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகளிலும் இது உண்டு. பாரத்தோடு ஏறும் வண்டி ஏற்றத்தில் நின்றுவிட்டால் மீண்டும் புறப்படுவது கடினம். பின்னோக்கி உருளும் இடரும் உண்டு. இறங்குவோர்க்கு மற்றொரு விதி: எந்தக் கியரில் ஏறினோமோ அதே கியரில் இறங்குக. கியரைக் கூட்டிவிட்டுப் பிரேக்கையே மிதித்துக்கொண்டு இறங்கினால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். எழுபது வளைவுகளும் இறங்கிக் காரவள்ளிக்கு வரும்போது சில வண்டிகளின் சக்கரத்திலிருந்து எழும் கருகல் நாற்றம் இதனால்தான்.

இவையெல்லாம் வண்டியோட்டிகளுக்கு உரியவை. நடப்பவர்க்கு உரிய செய்தி ஒன்றுண்டு; அதனை எந்தப் பலகையிலும் காணமுடியாது. சாலை மலையைச் சுற்றிச் சுற்றி ஏறுகிறது. மனிதன் செங்குத்தாக ஏறுகிறான். ஒரு வளைவிலிருந்து அடுத்த வளைவுக்குச் சாலைவழியே சென்றால் சில நூறு மீட்டர். புதரினூடே ஒற்றையடிப் பாதையில் ஏறினால் ஐம்பது அடி. எனவே எந்த மலைச்சாலையிலும் வளைவுக்கு வளைவு குறுக்கு வழிகள் பிறந்துவிடும். அக்குறுக்கு வழி சாலையைத் தொடும் இடம் எது? பெரும்பாலும் வளைவின் முனை. ஓட்டுநருக்கு எவ்விடம் தெரியாதோ அவ்விடத்திலேயே, புதரை விலக்கிக்கொண்டு ஒரு பள்ளிச் சிறுவன் சாலையில் கால் வைக்கிறான். இதனை ஒழுங்கின்மை என்று கூறிக் கம்பிவேலி போட்டுப் பயனில்லை. வேலியின் ஓரத்தில் மறுநாளே புதுப்பாதை பிறக்கும். அவன் இறங்கும் இடத்தைப் பத்தடி தள்ளி, இருபுறமும் கண்ணுக்குத் தெரியும் இடத்துக்குக் கொண்டுவந்து, நான்கு கற்படி அமைத்து, புதரை வெட்டி, வண்டிக்கு முன்னறிவிப்புப் பலகை நட்டால் அதுவே பாதுகாப்பு. செலவும் மிகுதியில்லை. ஆனால் குறுக்கு வழிகள் சாலைத் துறையின் வரைபடத்தில் இல்லை. வரைபடத்தில் இல்லாததற்குப் பணம் ஒதுக்க எந்த அலுவலராலும் இயலாது.

பிற இடங்களில்

நடப்பவர்க்குத் தனிவழி என்பது நம் நாட்டுக்குப் புதியதன்று. திருமலையைப் பாருங்கள். 1944இல் முதல் மலைச்சாலையும் 1974இல் இரண்டாம் மலைச்சாலையும் திறக்கப்பட்டன. இன்று ஏறுவதற்கு ஒன்று, இறங்குவதற்கு மற்றொன்று. ஏறும் வண்டியும் இறங்கும் வண்டியும் எதிரெதிரே சந்திப்பதில்லை. நடந்து ஏறுவோர்க்கோ அலிபிரியிலிருந்து சுமார் 3,550 படிகள், மேற்கூரையோடு. இன்னும் அருகில், பழனி. தைப்பூசத்துக்குப் பாதயாத்திரை செல்வோர் வண்டிகளில் அடிபடாதிருக்க ஒட்டன்சத்திரம் பழனிச் சாலையின் ஓரமாகவே நடைபாதை அமைத்திருக்கின்றனர். ஊருக்கு வெளியே, வயல்வெளிச் சாலையில், நடப்பவர்க்கென்று ஒரு வழியை அரசால் அமைக்க முடியும் என்பதற்கு இது கண்கண்ட சான்று. ஆண்டுக்கு ஒருமுறை பல்லாயிரவர் நடப்பதற்காக அமைக்க முடியுமெனில், ஆண்டு முழுவதும் சில நூறு பிள்ளைகள் நடப்பதற்காகவும் அமைக்க முடியுமன்றோ?

நீலகிரியில் மசினகுடியிலிருந்து உதகைக்கு ஏறும் கல்லட்டிச் சாலையில் 36 கொண்டை ஊசி வளைவுகள், செங்குத்தான இறக்கம். 2018இல் ஒரு கார் பள்ளத்தில் வீழ்ந்து உயிர்கள் போன பின்பு வெளியூர் வண்டிகள் அவ்வழியே இறங்குவதற்குத் தடை விதித்தனர். நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் செல்லும் வண்டிகள் முன்பதிவு செய்து நுழைவுச்சீட்டுப் பெறவேண்டும் என்பது சென்னை உயர்நீதிமன்றத்தின் ஆணைப்படி 2024 மே 7 முதல் நடைமுறைக்கு வந்தது. கொல்லிமலைக்கு அத்தகைய நெரிசல் ஆண்டு முழுவதும் இல்லை. ஆனால் ஆடிப் பதினெட்டையொட்டி வரும் ஓரி விழா நாட்களில் நிலைமை வேறு. காரவள்ளி வழியே மட்டும் ஏறவும் முள்ளுக்குறிச்சி வழியே மட்டும் இறங்கவும் அந்த நாட்களில் ஒருவழிப் போக்குவரவு வைக்கலாம் என்பது என் கருத்து. திருமலை காட்டும் வழியும் அதுவே.

கடல்கடந்த செய்தி ஒன்றையும் குறிப்பிட்டுவிடுகிறேன். மிதிவண்டிக்குப் பேர்போன நெதர்லாந்து நாடு எப்போதும் அப்படி இருந்ததன்று. 1971இல் அந்நாட்டில் சாலை விபத்தில் மடிந்தோர் 3,300 பேர். அவர்களுள் நானூறு பேருக்கு மேல் குழந்தைகள். மறு ஆண்டு, குழந்தைக் கொலையை நிறுத்துக என்னும் பெயரிலேயே பெற்றோர் இயக்கம் கண்டனர். டெல்ஃப்ட் நகர மக்கள் அதற்கும் முன்பே தம் தெருக்களில் மரமும் கல்லும் வைத்து, வண்டி நடைவேகத்தில்தான் செல்ல முடியும் என்னும் நிலையை ஆக்கினர். 1976இல் அத்தகைய தெருக்களுக்குச் சட்டமும் வந்தது. செல்வ நாடாதலால் முடிந்தது என்று சொல்வோர் உளர். வழியில் நான்கு கல்லை நட்டுவைக்கப் பெருஞ்செல்வம் தேவையா?

அகலப்படுத்தினால் போதாதா?

நிற்க. சாலையை அகலமாக்கிவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமே என்று கேட்பாரும் உளர். இதற்கு விடை கூறுமுன் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். மலைவாழ் மக்கள் சாலைக்காகப் பல்லாண்டு ஏங்கியவர்கள். நோயாளியைத் தூளி கட்டித் தூக்கிவரும் நிலை மலையூர்கள் பலவற்றில் இருந்தது. இன்னும் சில ஊர்களில் இருக்கிறது. 2008இல் தமிழகத்தில் தொடங்கிய 108 ஆம்புலன்சு வீட்டு வாசல்வரை வரவேண்டுமெனில் நல்ல சாலை வேண்டும். பலாவும் அன்னாசியும் அழுகுமுன் சந்தை சேரவும் சாலை வேண்டும். ஆகவே சாலையே வேண்டாம் என்பார் பக்கம் நான் இல்லை. காட்டைக் காட்டாகவே விடுங்கள் என்று சமவெளியில் மின்விசிறியின் கீழ் அமர்ந்து கூறுவது எளிது.

ஆனால் மலையில் ஒவ்வொரு மீட்டர் அகலமும் சரிவை வெட்டித்தான் பெறவேண்டும். வெட்டிய சரிவு மழையில் சரியும்; அதைத் தாங்கச் சுவர் வேண்டும்; சுவருக்குள் தேங்கும் நீர் வெளியேறத் துளைகள் வேண்டும்; அத்துளைகளை ஆண்டுதோறும் தூர்வாரவும் வேண்டும். இத்தனை பாடுபட்டுப் பெறும் ஒரு மீட்டரை யாருக்குக் கொடுப்பது? அதனையும் தார்ப்பகுதியோடு சேர்த்துவிட்டால் வண்டியின் வேகம் கூடும். நடப்பவர் மீண்டும் அதே அரை மீட்டர் ஓரத்திற்கே தள்ளப்படுவார். ஊருக்குள்ளும் பள்ளியைச் சுற்றியும் அந்த ஒரு மீட்டரை நடப்பவர்க்கே கொடுக்க வேண்டும். ஊருக்கு வெளியே, வண்டிகள் ஒன்றையொன்று கடக்க வழிநெடுக அகலம் தேவையில்லை. கிலோமீட்டருக்கு இரண்டு மூன்று இடங்களில் ஒதுங்குமிடம் இருந்தால் போதும் என்பது மலைச்சாலை நூல்களில் நெடுநாளாக உள்ள முறைதான். ஒதுங்குமிடம் நடப்பவர்க்கும் இளைப்பாறும் இடமாகும். சுமையிறக்கத் தோள் உயரத்தில் ஒரு கல்மேடை கட்டிவிட்டால் அதன் பயன் இரட்டிக்கும். நம் முன்னோர் வழியோரம் நட்ட சுமைதாங்கிக் கல் இதே எண்ணத்தில் பிறந்ததுதான். கருவுற்று மாண்ட பெண்ணின் நினைவாக அதனை நடுவது வழக்கம் என்பதையும் இங்கே நினைவுகூரலாம்.

மலையை வெட்டாமலே நடைபாதை பெறும் வழியும் ஒன்றுண்டு. மலைப்பக்கத்துத் திறந்த வடிகாலின்மேல் கற்பலகை பதித்து மூடிவிட்டால் அதுவே நடைபாதை. வடிகால் ஏறத்தாழ அரை மீட்டர் முதல் ஒரு மீட்டர் வரை அகலமுடையது. ஒருவர் சுமையோடு நடக்க அது போதும். ஆனால் மூடிவிட்டு மறந்துவிடலாகாது. மலையில் சருகும் மண்ணும் ஒரே மழையில் வடிகாலை அடைத்துவிடும், அடைத்தால் நீர் சாலையின்மேல் ஓடும், சாலையே அரிந்துபோகும். எனவே பலகைகளைச் சிறியனவாக, இருவர் தூக்கக்கூடியனவாகச் செய்து, ஆடிக்கு முன்னும் ஐப்பசிக்கு முன்னும் எடுத்துத் தூர்வார வேண்டும். இச்சிறு பராமரிப்புக்கு ஊராட்சியில் ஆளும் பணமும் ஒதுக்காமல் பலகையை மட்டும் பதிப்பதாயின், திறந்த வடிகாலே மேல்.

வேகத்தடை பற்றி ஒரு சொல். ஒரு விபத்து நேர்ந்தவுடன் ஊரார் கொதித்தெழுந்து இரவோடிரவாகக் கூரிய மேடொன்றைச் சாலையில் எழுப்பிவிடுவது நம் நாட்டு வழக்கம். அவர்களது கோபம் நியாயமே. மேட்டின் வடிவம்தான் தவறு. ஜீப்பின் பின்புறம் அமர்ந்துவரும் கர்ப்பிணிப் பெண்ணுக்கு அது தண்டனை. இருளில் வரும் மோட்டார் சைக்கிளுக்குப் பொறி. முறைப்படி அமையும் வேகத்தடை 10 சென்டிமீட்டர் உயரமும் 3.7 மீட்டர் அகலமும் கொண்டு, மெல்ல ஏறி மெல்ல இறங்கும். அதில் 25 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி குலுங்காது. வெள்ளைப் பட்டையும் முன்னறிவிப்பும் இன்றி அதை அமைத்தலாகாது. செங்குத்தான இறக்கத்திலும் அதனை வைத்தலாகாது. அங்கே சாலையின் இருபுறமும் கல் நட்டுக் குறுகலாகக் காட்டினாலே ஓட்டுநரின் கால் தானே பிரேக்கைத் தேடும்.

சட்டம் இப்போது நடப்பவர் பக்கம் சிறிது சாய்ந்திருக்கிறது. 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 198ஏ பிரிவு, சாலையை முறைப்படி வகுக்காததால் உயிரோ உறுப்போ போகுமாயின் அதனை வகுத்தவரும் அமைத்தவரும் பராமரிப்பவரும் பொறுப்பு என்கிறது. கோவை எலும்பு மருத்துவர் இராஜசேகரன் 2012இல் தொடுத்த பொதுநல வழக்கில், நடைபாதையில் நடக்கும் உரிமை வாழ்வுரிமையின் பகுதியே என்று உச்சநீதிமன்றம் 2025 மே மாதத்தில் கூறிற்று. உடைந்த எலும்புகளை நாளெல்லாம் பார்த்த ஒருவர் அந்த வழக்கைத் தொடுத்தார் என்பதே ஒரு செய்தி. தீர்ப்பு தில்லியிலிருந்து செம்மேட்டுக்கு எப்போது வந்து சேரும் என்பது வேறு.

அதுவரை நாம் செய்யக்கூடியது ஒன்றுண்டு. ஆண்டுதோறும் நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் ஏதேனும் ஓர் ஊருக்குச் சென்று தெருவைப் பெருக்கி, மரக்கன்று நட்டுத் திரும்புகிறோம். இவ்வாண்டு முகாமை மலையில் வைத்து, சோளக்காட்டிலும் செம்மேட்டிலும் ஏதேனும் ஓர் உண்டு உறைவிடப் பள்ளியின் வாயிலிலும் இருவர் இருவராக அமர்ந்து, காலை ஏழு மணி முதல் மாலை ஏழு மணி வரை நடப்போரை எண்ணலாம். சந்தை நாளில் ஒருமுறை, சாதாரண நாளில் ஒருமுறை. தாளில் ஐந்து கட்டங்கள் போதும்: நடப்பவர், சுமையோடு நடப்பவர், பள்ளிப் பிள்ளைகள், கால்நடை ஓட்டிச் செல்வோர், கைத்தடி ஊன்றியோர். ஆறாவது கட்டத்தில் குறுக்கு வழியிலிருந்து சாலைக்கு இறங்கியவர்களைக் குறிக்கலாம். எந்த வளைவின் எண் என்பதையும் எழுதவேண்டும். வளைவுகளுக்கு எண் ஏற்கெனவே இருக்கிறது. அந்தத் தாள்களைக் கூட்டிச் சேர்த்து நெடுஞ்சாலைத் துறைக்கும் ஊராட்சி ஒன்றியத்துக்கும் ஒவ்வொரு படி அனுப்பலாம். புவியியல் துறையினர் வரைபடம் தருவார்கள். கூட்டிப் பெருக்கும் வேலையைக் கணிதத் துறை நண்பர்கள் ஏற்பார்கள்.